45 லிட்டரில் யார் யார் குடியிருக்கலாம்?

(வண்ணமீன் வளர்ப்பு குறித்துச் சென்னையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். வீட்டுக் கூடத்தில் வைக்கிற இரண்டடி மீன் தொட்டியில் எந்தெந்த மீன்களைச் சேர்த்து விடலாம், எத்தனை விடலாம்? தொட்டி வாங்குகிற எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆனால் பெரும்பாலும் கடையில், மீன்களைப் பையில் போட்டுக் கட்டிய பிறகு கேட்கிறோம். அப்போது என்ன பதில் கிடைத்தாலும் அந்த மீனுக்குப் பயன் இல்லை.

முதலில் தண்ணீரை அளப்போம். நீளம் 2 அடி, அகலம் 1 அடி, உயரம் 1 அடி. மொத்தம் 2 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குச் சற்று மேல் என்றால், 56 லிட்டர் வரும். அடியில் பரப்பும் கூழாங்கல், மேலே விடும் காலி இடம், ஃபில்டர், அழகுக்கு வைக்கும் கல், கட்டை எல்லாம் போக மீனுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 45 லிட்டர். மூன்று குடம் தண்ணீர். தன் வாழ்நாள் முழுக்க அந்த மீன் இந்த மூன்று குடத்துக்குள்தான் மூச்சுவிட வேண்டும், தின்ன வேண்டும், கழிக்க வேண்டும், உறங்க வேண்டும், எதிரியைக் கண்டால் ஒளிய வேண்டும். ஆற்றில் இருந்தால் பிடிக்காத இடத்தைவிட்டு நகர்ந்துவிடும். இங்கே நகர இடமில்லை.

மீனின் கழிவு என்றால் அடியில் நூல் நூலாகக் கிடப்பதை மட்டும் நினைக்கிறோம். முக்கியமான கழிவு நம் கண்ணுக்குத் தெரியாதது. செவுள் வழியாக அது இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் செய்யாது. வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் அது கட்டுக்குள் நிற்கும். புதுத் தொட்டியில் இந்த இரண்டு பாக்டீரியாக்களும் போதிய அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். இன்று தொட்டி, இன்றே பத்து மீன் என்று தொடங்கினால், அந்தப் பத்தும் தங்கள் அம்மோனியாவிலேயே நீந்துகின்றன. “தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்ததே, எப்படிச் செத்தது?” என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடத்தைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்கள் 24, 25 டிகிரி செல்சியஸ் தண்ணீரை மனத்தில் வைத்து மீன் எண்ணிக்கை சொல்கின்றன. சித்திரை, வைகாசியில் நம் கூடத்துத் தொட்டி 31, 32 டிகிரியைத் தொடும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் இடத்தில் 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். அதே நேரம் சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்குத் தேவைப்படும் பிராணவாயுவோ கூடும். அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் சூட்டோடு ஏறும். போதாததற்கு, நம் போர் தண்ணீரில் காரத்தன்மை அதிகம். பிஎச் அளவு 7-இலிருந்து 8-க்கு உயர்ந்தால், மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருக்கும் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. ஆகவே, குளிர்நாட்டில் ஒருவர் வைப்பதைவிடக் குறைவான மீன்களோடு நாம் நிறுத்திக்கொள்வதே முறை.

மின்வெட்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஃபில்டரும் ஏர் பம்பும் நின்ற பிறகு, தண்ணீரின் மேற்பரப்பில் காற்று படுவதால் கரையும் பிராணவாயுதான் மிச்சம். நிறைய மீன் உள்ள தொட்டியில் சில மணி நேரத்திலேயே எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அளவாக மீன் உள்ள தொட்டி அந்த இரவைத் தாங்கிவிடும். ஒரு தொட்டி நெருக்கடியாக இருக்கிறதா இல்லையா என்பதற்கு இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியவில்லை.

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வழக்கத்துக்கு அறிவியல் அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். ஒரு கண்ணாடிக் கலத்தில் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியை நட்டு, தங்கமீன்களை விட்டுப் பார்த்தார். அழுகும் இலைகள் தண்ணீரைக் கலக்கியதும், அவற்றைத் தின்ன நத்தைகளைச் சேர்த்தார். செடி, மீன், நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை 1850-இல் எழுதி வெளியிட்டார். மூன்றாண்டுகளில், 1853-இல், லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறந்தது. நான் இதைச் சொல்வது ஒரு காரணத்துக்காக. வாரிங்டன் அந்தக் கலத்தில் விட்ட தங்கமீன்கள் எத்தனை தெரியுமா? இரண்டு. அவையும் சிறியவை. தாங்கும் அளவு எது என்று கேட்டுத்தான் இந்தக் கலையே தொடங்கியது.

எண்ணிக்கைக்கு ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. ஒரு காலன் தண்ணீருக்கு ஒரு அங்குல மீன் என்பார்கள். கடைகளிலும் இதைச் சொல்வார்கள். அமெரிக்க காலன் என்பது 3.8 லிட்டர். நம் 45 லிட்டருக்கு 12 அங்குலம் என்று வரும். ஓர் அங்குல மீன் பன்னிரண்டு என்றால் சரிதான். ஆனால் இதே வாய்ப்பாடு 12 அங்குல ஆஸ்கர் மீன் ஒன்றையும் அதே தொட்டியில் அனுமதிக்கிறது. நீளம் பன்னிரண்டு மடங்கானால், உடல் வடிவம் மாறாத மீனின் எடை 12 × 12 × 12, அதாவது 1,728 மடங்காகும். பன்னிரண்டு சிறுமீன்களின் மொத்த எடையைப்போல் 144 மடங்கு எடையுள்ள ஓர் உடல் அது. தின்பதும் கழிப்பதும் அந்த உடலுக்கு ஏற்றபடி. அந்த ஆஸ்கர் 1 அடி அகலத் தொட்டியில் திரும்பக்கூட முடியாது. ஆகவே, வளர்ந்த பின்னும் இரண்டு அங்குலத்தைத் தாண்டாத மீன்களுக்கு மட்டும் இந்த வாய்ப்பாட்டைத் தோராயமாகப் பயன்படுத்தலாம். மற்றவற்றுக்கு மறந்துவிட வேண்டும்.

“வளர்ந்த பின்னும்” என்பதை அழுத்திச் சொல்கிறேன். கொளத்தூர் வண்ணமீன் கடைத்தெருவில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். விற்பனைக்கு இருப்பவற்றில் பல குஞ்சுகள். இரண்டு அங்குல ஆஸ்கர் ஓராண்டில் பத்து அங்குலத்தை எட்டிவிடும். ‘ஷார்க்’ என்று பெயரிட்டு, வெள்ளி நிறத்தில் துறுதுறுவென்று ஓடும் குஞ்சுகளை விற்கிறார்களே, அவற்றில் ஒருவகை மீகாங் ஆற்றைச் சேர்ந்த பங்காசியஸ் கெளுத்தி. ஆந்திரத்துக் குளங்களில் உணவுக்காக வளர்க்கப்படுகிற அதே மீன். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று ஒவ்வொரு தொட்டியோடும் கொடுக்கும் சக்கர் மீன் ஒன்றரை அடியைத் தாண்டும். அது பாசியைத் தின்பதைவிடக் கழிப்பது அதிகம். இந்த மூன்றும் எந்த வீட்டு இரண்டடித் தொட்டிக்கும் உரியவை அல்ல. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

தங்கமீனைப் பற்றிப் பேசினால் சிலருக்கு வருத்தம் வரும். ஆனாலும் பேச வேண்டும். வாஸ்துக்காக எட்டு தங்கமீனும் ஒரு கறுப்பு மீனும் வைக்கச் சொல்கிறார்கள். நம்பிக்கை உள்ளவர்களின் மனத்தைப் புண்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால் தங்கமீன் கெண்டை இனம். வால் விரிந்த வகைகளே ஆறேழு அங்குலம் வளரும். நீண்ட உடல்வாகு உள்ளவை இன்னும் பெரிதாகும். நல்ல தண்ணீரில் பத்துப் பதினைந்து ஆண்டு வாழும். குளிர்ந்த நீரை விரும்பும். நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். ஒன்பது தங்கமீன்களுக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் வேண்டும். 45 லிட்டரில் ஒன்பதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றாகச் சாகும்போது “வீட்டுக்கு வந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டது” என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். அது வாங்கிக்கொண்டது அம்மோனியாவைத்தான். உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் தங்கமீன் வைப்பதை இத்தாலியின் மோன்சா நகராட்சி 2004-இல் தடைசெய்தது. அடுத்த ஆண்டு ரோம் நகரமும் குடுவைகளைத் தடைசெய்தது. மொட்டைமாடியில் நிழலான சிமெண்ட் தொட்டி உள்ளவர்கள் தங்கமீன் வளர்க்கட்டும். கூடத்துச் சிறு தொட்டியில் வேண்டாம்.

சரி, எதைத்தான் வளர்ப்பது?

உங்கள் வீட்டுக் குழாயிலிருந்து தொடங்குங்கள். வருவது போர் தண்ணீரா, மெட்ரோ தண்ணீரா, சிறுவாணி போன்ற மென்னீரா? பாத்திரத்தில் வெள்ளைப் படிவு படிகிறது என்றால் அது கடினநீர். அதை ஆர்.ஓ. தண்ணீரால் கலந்து, பொடி போட்டு, அமேசான் நீர்போல ஆக்கிக்கொண்டிருப்பதைவிட, அந்த நீரிலேயே செழிக்கும் மீனை வாங்குவது மேல். கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் ஆகிய குட்டிபோடும் மீன்களுக்குக் கடினநீர்தான் உகந்தது. நியான் டெட்ராவுக்கு மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள, சூடு குறைந்த நீர் வேண்டும். நீலமும் சிவப்புமாய் மின்னும் அந்த மீனைப் பார்த்து ஆசைப்படாதவர் இல்லை. ஆனால் சென்னையின் கோடையில், கடினநீரில், அது நாளுக்கு நாள் வெளிறும். மெட்ரோ தண்ணீர் என்றால் அதில் குளோரின் உண்டு. ஒருநாள் திறந்து வைத்தோ குளோரின் நீக்கி சேர்த்தோ பிறகுதான் ஊற்ற வேண்டும்.

அடுத்தது குணம். மீன்களுக்குள் சேருமா சேராதா என்பதைப் பலர் நிறத்தை வைத்து முடிவுசெய்கிறார்கள். நான் வாயைப் பார்க்கச் சொல்வேன். ஒரு மீனின் வாய்க்குள் இன்னொரு மீன் நுழையுமானால், என்றாவது ஒருநாள் நுழையும். ஏஞ்சல் குஞ்சும் நியான் டெட்ராவும் கடையில் ஒரே அளவில் இருக்கும்; சில மாதம் ஒன்றாகவே நீந்தும். ஏஞ்சல் உள்ளங்கை அளவு ஆனதும் டெட்ராக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். அது ஏஞ்சலின் கெட்ட குணம் அன்று. அமேசானில் அதன் உணவில் அப்படிப்பட்ட சிறுமீன்களும் உண்டு.

வாலையும் பார்க்க வேண்டும். டைகர் பார்ப் சுறுசுறுப்பான மீன்; கூட்டமாக இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடும். இரண்டோ மூன்றோ மட்டும் வாங்கி, நீண்ட வாலுள்ள கப்பியோடோ ஏஞ்சலோடோ விட்டால் அந்த வால்களைக் கடித்துக் குதறிவிடும். ஃபைட்டர் மீனின் கதை வேறு. இரண்டு ஆண் ஃபைட்டர்களை ஒன்றாக விடக் கூடாது என்பது பிள்ளைகளுக்கே தெரியும். ஆனால் பளிச்சென்ற நிறமும் விரிந்த வாலும் உள்ள ஆண் கப்பியையும் அது போட்டி ஆணாக எடுத்துக்கொள்ளும் என்பது பெரியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. ஃபைட்டருக்குக் காற்றை நேராகச் சுவாசிக்கும் தனி உறுப்பு உண்டு. அதனால்தான் கடையில் சின்ன டப்பாவில் உயிரோடு இருக்கிறது. உயிரோடு இருப்பதை வைத்து நலமாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. 20 லிட்டர் தண்ணீர், மெதுவான ஃபில்டர், ஒரு செடி, அதில் அது மட்டும். அப்போது பாருங்கள் அதன் அழகை.

கூட்டமாக வாழும் மீனை ஜோடியாக வாங்குவதும் கொடுமைதான். ஜீப்ரா டேனியோ, டெட்ரா, பார்ப், கோரிடோராஸ் எல்லாம் குறைந்தது ஆறு சேர்ந்து இருந்தால்தான் இயல்பாக இருக்கும். இரண்டாக இருந்தால் ஒளிந்துகிடக்கும், அல்லது மற்ற மீன்களை வம்புக்கு இழுக்கும். “எல்லாவற்றிலும் ரெண்டு ரெண்டு போடுங்க” என்று கடைக்காரரிடம் சொல்லும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். சிறு தொட்டியில் இனங்களைக் குறைத்து, ஓர் இனத்தின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஐந்து இனத்தில் இரண்டிரண்டு என்று பத்து மீன் விடுவதைவிட, ஒரே இனத்தில் எட்டு மீன் விட்ட தொட்டி கண்ணுக்கும் அழகு, மீனுக்கும் நிம்மதி.

நான் பரிந்துரைப்பது என்ன என்று கேட்டால், கடினநீர் வீட்டுக்கு ஆண் கப்பிகள் மட்டும் ஆறிலிருந்து எட்டு. ஏன் ஆண் மட்டும் என்றால், பெண் கப்பி நான்கு வாரத்துக்கு ஒருமுறை இருபது, முப்பது என்று குட்டி போடும். ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண், பிறகு ஆணே இல்லாமலும் பல மாதம் குட்டி போடும். கடையிலிருந்து வரும் பெண் கப்பி பெரும்பாலும் சினையாகத்தான் வரும். மூன்று கப்பியில் தொடங்கிய தொட்டி அரை ஆண்டில் நெரிசலாகும் வழி இது.

மென்னீர் வீட்டுக்கு எனக்குப் பிடித்தது செர்ரி பார்ப். இலங்கையின் தென்மேற்கு மழைக்காட்டு ஓடைகளைச் சேர்ந்தது. இரண்டு அங்குலம்தான் வளரும். ஆண் நல்ல சிவப்பு, பெண் பழுப்பு. இயற்கையில் அருகிவருகிற இனம் என்றாலும் சந்தையில் கிடைப்பது பண்ணையில் பெருக்கியதுதான். ஆண் மூன்று, பெண் ஐந்து என்று விட்டு, மேல்தட்டுக்கு ஹனி கோராமி ஒரு ஜோடி சேர்க்கலாம். கோராமி கங்கை, பிரம்மபுத்திரா சமவெளியின் மீன். அதுவும் இரண்டு அங்குலம்தான், சாதுவானது. பார்ப் நடுவிலும் கீழும் நீந்தும். கோராமி செடியின் நிழலில் மேலே நிற்கும். இடம் பிரிந்துவிடுவதால் மோதல் இல்லை. அதோடு நிறுத்திவிடுங்கள். சூடு தாங்கும், எளிதில் சாகாத ஒன்று வேண்டும் என்பவர்கள் எட்டு ஜீப்ரா டேனியோ வாங்கட்டும். அதுவும் நம் நாட்டு ஓடைகளின் மீன்தான். மேலே மூடி கட்டாயம். தாவி வெளியே விழும்.

மிஸ் கேரளா என்கிற டெனிசன் பார்ப்பைப் பற்றிக் கேட்பீர்கள். 1860-களில் மதராஸ் ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசன் பெயர் தாங்கிய மீன் அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் வேகமான, குளிர்ந்த ஓடைகளில் கூட்டமாக ஓடும். ஆறு அங்குலம் வளரும். அழியும் நிலையில் உள்ள இனம். நான்கடித் தொட்டிக்குக் குறைவாக உள்ளவர்கள் அதை வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தேர்ந்தெடுத்த மீன்களை ஒரே நாளில் விடக் கூடாது. பாக்டீரியா பெருகிய தொட்டியில் முதலில் மூன்று, இரண்டு வாரம் கழித்து மூன்று, பிறகு மிச்சம். மீன் கூடும்போது பாக்டீரியாவும் கூட அவகாசம் வேண்டும். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசிப் பிழியுங்கள். தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். மிஞ்சிய தீனியும் அம்மோனியாதான். கோடையில் தண்ணீரின் மேல்பரப்பில் படும்படி ஒரு சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு டிகிரி வரை சூடு குறையும்.

எல்லாம் ஒழுங்காக நடக்கும்போதுதான் கை அரிக்கும். தொட்டி காலியாக இருப்பதுபோலத் தோன்றும். வருகிற விருந்தாளியும் “இவ்வளவு பெரிய தொட்டியில் இத்தனைதானா?” என்பார். பிள்ளைகள் இன்னும் ஒன்று கேட்பார்கள். அந்த இடத்தில் மீன் வாங்காமல் செடி வாங்குங்கள். வாலிஸ்நேரியா, ஜாவா பாசி, ஜாவா பெரணி ஆகியவை நம் சூட்டைத் தாங்கும், நைட்ரேட்டை உறிஞ்சும், மீனுக்கு மறைவிடமாகும். செடி நிறைந்தால் தொட்டி நிறைந்ததாகவே தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தொட்டிக்குப் பெரிதாகிவிட்ட மீனை ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்து அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். சக்கர் மீன் அப்படித்தான் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், வங்காளம் என்று பல நீர்நிலைகளில் பரவியிருக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீனின் முள்ளும் கெட்டியான மேல்தகடும் மீனவர் வலைகளைக் கிழிக்கின்றன. நம் மீன்களின் இடத்தையும் இரையையும் அது பிடித்துக்கொள்கிறது. எந்த மீனை வாங்கும் முன்பும் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது எவ்வளவு பெரிதாகும்? பெரிதானால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் அந்த மீனை வாங்காமல் வாருங்கள்.